எட்டுக் குறிப்பில் ஒரு கிணறு

“எட்டுக் குறிப்புகளுக்குள் அடங்காத மனித வாழ்க்கை பூமியில் இதுவரை நடந்ததில்லை, இனி நடக்கப்போவதுமில்லை.”

இந்த வாக்கியம் திருச்செங்கோடு மண்டலக் கதை மதிப்பீட்டு அலுவலகத்தின் கூடத்தில் கருங்கல்லில் வெட்டப்பட்டிருந்தது. சொன்னவர் பெயர் கீழே இருந்தது: நந்தகோபன், மண்டல மதிப்பீட்டு அலுவலர். உயிரோடு இருப்பவர் சொன்னதைக் கல்லில் வெட்டலாமா என்று சிற்பி தயங்கியபோது, “நான் சொன்னதுல திருத்தம் வராது. தைரியமா வெட்டு” என்றார் அவர்.

திருத்தம் வரவும் இல்லை. மாநிலத்தில் எல்லோருக்கும் ஆளுக்கு எட்டுக் குறிப்புகள் எழுதி, விரித்து, தலைப்பும் மாரலும் சேர்த்து, அட்டையாகக் கையில் கொடுத்தாகிவிட்டது. ஒரே ஓர் ஆளுக்காவது ஒன்பதாவது குறிப்பு தேவைப்பட்டதாகப் பதிவு இல்லை.

ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பதிவி இருந்தது. அவர் எங்கே போனார், யாரிடம் என்ன பேசினார், எப்போது மூச்சு வாங்கினார் என்பதையெல்லாம் அது சேர்த்து வைத்தது. அலுவலகத்தில் இருந்த சுருக்கி அந்த மலையை அரைத்து எட்டுக் குறிப்புகளாக்கி, நடுவில் சின்னச் சின்னக் கோடுகள் போட்டது. அந்தக் குறிப்புகளை வாங்கி முழுக்கதையாக எழுதியது விரிப்பான். இதுவரை நடந்ததை மட்டுமல்ல, இனி நடக்கவிருப்பதையும் கடைசி வரி வரைக்கும் அது எழுதியது. அப்படி முடிந்த கதையின் எட்டுக் குறிப்புகள்தான் அட்டையில் ஏறின.

விரிப்பானுக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுக்கக் கதைகள் தேவைப்பட்டன. நல்ல கதைகளுக்கெல்லாம் உரிமைதாரர்கள் இருந்தார்கள். உரிமைதாரர் இல்லாத கதைகள் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தன. தேர்வுத் துறைக் கிடங்கில், நாற்பது வருட ஆங்கில இரண்டாம் தாள் விடைத்தாள்கள் மக்கிக்கொண்டிருந்தன. ‘கீழ்க்காணும் குறிப்புகளை விரித்துக் கதை எழுதுக’ என்ற ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டு கோடி விடைகள். எழுதியவர்களே மறக்க விரும்பியதால் யாரும் உரிமை கோரவில்லை. விரிப்பான் அத்தனையையும் படித்தது. வேறு எதையும் படிக்கவில்லை.

எனவே அது ஏழாம் வகுப்பு ஆங்கிலத்தில்தான் எழுதும்; அட்டையில் மட்டும் தமிழாக்கி அச்சிடுவார்கள். ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ என்று தொடங்கும். ‘ஒன் டே’ என்றால் பிரச்சினை வருகிறது என்று பொருள். ‘ஃபைனலி’ என்றால் முடிந்தது. தேர்வில் கதையை இறந்தகாலத்தில் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்ததால், அதுவும் எல்லாவற்றையும் இறந்தகாலத்திலேயே எழுதியது. அரசு அலுவலகங்களுக்கு இது மிகவும் வசதியாகப் போயிற்று. நடக்கப்போவது என்று எழுதியிருந்தால் யாராவது யோசிக்க வேண்டும். நடந்துவிட்டது என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போட்டால் போதும்.

கேரக்டர், செட்டிங், கான்ஃப்ளிக்ட், கிளைமாக்ஸ் என்று ஆறாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த கதைச் சொற்கள் இப்போது ரேஷன் கடை வரைக்கும் வந்துவிட்டன. பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணுக்குக் கிளைமாக்ஸ் முடிஞ்சுருச்சுங்களா, இல்ல இனிமேல்தானா?” என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியைத் தொட்டார்கள். “எங்க கான்ஃப்ளிக்ட் மாமியாரோட மட்டுந்தானுங்க, சின்னதுதான்” என்று பெண் வீட்டார் உறுதி சொன்னார்கள். கதைக்குத் தேவையான இடங்களைத் தயார் செய்து தர செட்டிங் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஒருவர் கல்யாணத்தன்று மழை பெய்ததாகக் கதையில் இருந்தால் அவர்கள் லாரியில் தண்ணீர் கொண்டுவருவார்கள். ஒருவர் மாடிப்படியில் வழுக்கியதாக இருந்தால் முதல் நாளே படியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுப் போவார்கள். யாரையும் தள்ளிவிட்டதாகப் புகார் இல்லை. இதுவரை தள்ள வேண்டிய தேவையே வந்ததில்லை என்று அந்தப் பிரிவின் ஆண்டறிக்கை சொன்னது.

நந்தகோபன் இந்த வேலைக்கு வருவதற்கு முன், ஒரு விடுதிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் ஆங்கில ஆசிரியர். குறிப்புகளை விரிக்கும் அந்த ஹின்ட்ஸ் கேள்வியில் அவரிடம் படித்தவர் யாரும் ஐந்துக்கு ஐந்து வாங்காமல் இருந்ததில்லை. அவர் கற்பனையை நம்பியவர் அல்லர். கரும்பலகையின் மூலையில் வருடம் முழுக்க அழிக்காமல் ஒரு வரி எழுதி வைத்திருந்தார்: ‘முடிவு தெரியவில்லையா? சிரித்தவனைக் கிணற்றில் போடு.’

“எந்தக் கதையா இருந்தாலும் எவனாவது ஒருத்தன் எவனையாவது பாத்துச் சிரிச்சிருப்பான்டா,” என்பார். “நரி சிரிச்சிருக்கும், பணக்காரன் சிரிச்சிருப்பான். கடைசில அவனத் தூக்கிக் கிணத்துல போட்டுட்டு மாரல் எழுதிடு. திருத்தறவர் அடுத்த கேள்விக்குப் போயிடுவாரு.”

பையன்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். தம்பி தங்கைகளுக்குச் சொன்னார்கள். ட்யூஷன் சென்டர்களில் அச்சடித்துக் கொடுத்தார்கள். சில வருடங்களில் மாநிலம் முழுக்க விடைத்தாள்களில் கிணறுகள் நிரம்பின. விரிப்பானின் கதைகளில் தம் வாசனை அடிக்கிறதே என்று நந்தகோபனுக்குப் பெருமைதான். “நம்ம ஸ்டூடன்ட்தான்மா அது,” என்று உதவியாளர் ரெஹானாவிடம் அடிக்கடி சொல்லிக்கொள்வார். ரெஹானா தலையாட்டிவிட்டுத் தன் கணினியைப் பார்ப்பாள். அவள் கதை அட்டையில் ‘அமைதியானவள்’ என்று இருந்தது.

இத்தனை செம்மையான ஏற்பாட்டில் நந்தகோபனுக்குப் பிடிக்காத விதி ஒன்று உண்டு. அதுதான் அடிஷனல் சீட், அதாவது கூடுதல் தாள். சட்டம் எழுதியவர்கள் எல்லோரும் தேர்வு எழுதி வந்தவர்கள். கை தூக்கிக் கேட்டவனுக்குத் தாள் இல்லை என்று சொல்வதை அவர்களால் கற்பனை செய்ய முடியவில்லை. எனவே, தன் கதையிலோ தன் குடும்பத்தார் கதையிலோ ஏதோ விட்டுப்போனதாக நினைக்கும் எவரும் அலுவலகத்துக்கு வந்து கை தூக்கலாம். கோடு போட்ட தாளும் வெள்ளை நூலும் தரப்படும். அலுவலக நேரத்தில், அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்து, கையால் எழுத வேண்டும். எழுதி, நூலால் கட்டிக் கொடுத்த பிறகுதான் கோப்பு மூடப்படும். அதுவரைக்கும் கதையின் முடிவை யாரும் நடத்திவைக்க முடியாது. பேனாவை மூடினால் எழுதி முடித்ததாகக் கொள்ளப்படும். இதைப் பற்றி ஜனங்களுக்கு அதிகம் தெரியாமல் பார்த்துக்கொள்வது தம் கடமைகளில் ஒன்று என்று நந்தகோபன் நினைத்தார்.

தாரணிக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை பத்தே காலுக்கு அவள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் கணவனின் கதை அட்டையும் மருத்துவமனைக் கடிதமும் இருந்தன. கணவன் கௌசிக் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி ஓட்டுபவன்.

“சார், என்ற வூட்டுக்காரருக்கு நெஞ்சுல வால்வு மாத்தோணும்னு வெள்ளிக்கெழம தேதி குடுத்திருந்தாங்க. இப்ப லிஸ்ட்டுல பேரு இல்லைங்கறாங்க.”

நந்தகோபன் கடிதத்தைப் படித்தார். ‘மேற்படி நபர் கதையின்படி இறந்துவிட்டார். இறந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் வழக்கம் எம்மிடம் இல்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.’

“சரியாத்தானேம்மா எழுதியிருக்காங்க?”

“அவரு வூட்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காருங்க சார்.”

“இருக்கட்டும். டீ குடிக்கிறது குறிப்புல வராது.” அவர் அட்டையை வாங்கிக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, வகுப்பில் வாசிப்பது போல வாசித்தார். “ரிக் டிரைவர் ஒருவர். கோடு. பல ஊர்கள். கோடு. இரவில் தூக்கமில்லை. கோடு. மனைவி எச்சரித்தாள். கோடு. அவர் கேட்கவில்லை. கோடு. நெஞ்சு வலி. கோடு. மருத்துவமனை. கோடு. இறந்தார். எட்டு ஆச்சா? மாரல், நன்றாகத் தூங்கு. இதுல எது தப்பு? நீங்க எச்சரிக்கலியா?”

“எச்சரிச்சேனுங்க.”

“அவரு கேட்டாரா?”

“எங்கீங்க கேட்டாரு!”

“அப்புறம் என்னம்மா?”

“நெறைய வுட்டுப்போச்சுங்க சார்.” என்றாள் தாரணி. “போர்ல மொத தண்ணி வந்துச்சுன்னா அவரு செருப்பக் கழட்டிப் போடுவாருங்க. போர் போடற காட்டுக்குச் சொந்தக்காரர் சம்சாரத்தக் கூப்புட்டு, அவங்க வாயில வெச்சு உப்பா நல்ல தண்ணியான்னு சொன்னதுக்கப்புறந்தான் மத்தவங்களத் தொட வுடுவாரு. தண்ணி வராத ஊர்ல ரெண்டு நாளு சோறு திங்க மாட்டாரு. ஒருக்கா ஊத்தங்கரப் பக்கம்…”

நந்தகோபன் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பக்கம் பக்கமாக எழுதும் பையனின் தாளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது.

“ஏம்மா, செருப்பக் கழட்டுனதுக்கு எத்தன மார்க் போடறது? செருப்பு கேரக்டரா, செட்டிங்கா?”

பெஞ்சில் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் அவருக்காகச் சிரித்தார்கள்.

தாரணி கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் தூக்குவது போலவே, தோளோடு ஒட்டி, நேராக.

“அடிஷனல் சீட் வேணுமுங்க சார்.”

நந்தகோபன் இன்னும் சத்தமாகச் சிரித்தார். “எழுந்து நின்னு அடிஷனல் சீட் கேக்கறவன் யாருன்னு தெரியுமாம்மா உங்களுக்கு? பத்து வரில சொல்ல வேண்டியதச் சொல்லத் தெரியாதவன். கட்டு தடியா இருந்தா மார்க் தடியா வரும்னு நெனைக்கறவன். ரெஹானா, குடும்மா. ஒண்ணு போதுமா, ஒரு கட்டே வேணுமான்னு கேளு.”

ரெஹானா தாளும் நூலும் கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு பேனா ஒன்றும் கொடுத்தாள். விதியில் பேனா இல்லை.

திங்கள் முழுக்க தாரணி எழுதினாள். செவ்வாயும் எழுதினாள். எழுதிய வேகத்தைப் பார்த்தால் யோசிப்பதாகத் தெரியவில்லை, இறைப்பதாகத்தான் தெரிந்தது. நந்தகோபன் போகும்போதும் வரும்போதும் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கூடத்துக்கு ஒரு வரி வாசித்துக் காட்டினார்.

“‘அன்னிக்குக் காலையில ரசம் வெச்சேன், அவருக்குத் தக்காளி போட்டா புடிக்காது.’ ஆகா. என்னா ஒரு ட்விஸ்ட்!”

“‘அப்புறம் கரண்டு போச்சு. அப்புறம் வந்துச்சு.’ ஏம்மா, இதுல எந்த அப்புறம் கிளைமாக்ஸ்?”

அவர் சிரிப்பார். தாரணி நிமிர்ந்து ஒரு முறை அவரைப் பார்ப்பாள். மறுபடி குனிந்து எழுதுவாள்.

செவ்வாய் சாயங்காலம் ரெஹானா அவர் மேசைக்கு வந்தாள். “சார், அவங்க எழுதறதுல நீங்களும் வர்றீங்க.”

“நானா?”

“அவங்க முந்தாநாளோட நிறுத்தல சார். நேத்து இங்க வந்தது, நீங்க பேசினது, இன்னிக்கு ரசத்த வாசிச்சது, எல்லாம் எழுதறாங்க. எத்தன தடவ சிரிச்சீங்கன்னு எண்ணி எழுதியிருக்காங்க. பதினாலு.”

“எழுதட்டும்மா. எழுதினா சுருக்கி அரைக்கத்தானே போகுது? எட்டுக் குறிப்புல எனக்கெங்க இடம்?” அவர் நாற்காலியில் சாய்ந்தார். “என் கதை மூணு வருஷம் முன்னாடியே மூடியாச்சு. ‘ஆசிரியர் ஒருவர், கடின உழைப்பு, மகிழ்ச்சியாக ஓய்வு பெற்றார்.’ அட்டை பர்ஸ்லயே இருக்கு. பாக்கறியா?”

ரெஹானா பார்த்திருக்கிறாள். மாதம் ஒரு முறையாவது காட்டுவார்.

புதன்கிழமை மத்தியானம் தாரணி பேனாவை மூடினாள். பத்தொன்பது தாள். நூலைக் கோத்துக் கட்ட அவளுக்கு வரவில்லை. முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. ரிக்கில் கம்பிக் கயிறு கட்டுகிறவனின் மனைவிக்கு நூல் கட்டத் தெரியவில்லையே என்று நந்தகோபன் ஒரு கடைசிச் சிரிப்புச் சிரித்தார். பதிவி அதையும் குறித்துக்கொண்டது. ரெஹானா வந்து கட்டிக் கொடுத்தாள்.

பத்தொன்பது தாளும் சுருக்கிக்குள் போயின. விரிப்பான் வழக்கமாக ஒரு நிமிடத்தில் முடிக்கும். இந்த முறை நான்கு வினாடி. தனக்கு மிக நன்றாகத் தெரிந்த கேள்வி வந்ததும் மாணவன் பேனாவை எடுப்பானே, அந்த வேகம்.

ரெஹானா திரையைப் பார்த்தாள். வாய்விட்டு, தமிழில் படிக்க வேண்டும் என்பது விதி, படித்தாள்.

“ரிக் டிரைவர் ஒருவர். நெஞ்சு வலி. மனைவி அலுவலகம் போனாள். அதிகாரி சிரித்தார். மனைவி பொறுமையாக எழுதினாள். கணவர் பிழைத்தார்.” நிறுத்தினாள். “கிணறு. அதிகாரி விழுந்தார்.”

அடுத்த வரிக்குத் திரையைத் தள்ளினாள்.

“மாரல், மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்காதே.”

நந்தகோபனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உதடு விரிந்த பிறகு அது என்னவென்று புரிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். திங்கட்கிழமை அவருக்காகச் சிரித்த இரண்டு பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

தாரணியின் மணிக்கட்டில் பதிவி அதிர்ந்தது. மருத்துவமனை ‘ஃபைனலி’க்குப் பக்கத்தில் உள்ள வரிகளை மட்டும் படிக்கும்; படித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி, அறை எண் மூன்று. பெருவிரல் வைத்து உறுதி செய்யவும்.

“அம்மா, ஒரு நிமிஷம்,” என்றார் நந்தகோபன். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “கைய வெச்சிட்டா கோப்பு மூடிடும். ஒரு வரி, ஒரே ஒரு வரி சேத்துருங்க. அதிகாரி மன்னிப்புக் கேட்டார்னு.”

“அது வந்திருக்கு சார்,” என்றாள் ரெஹானா, முழுக்கதையைத் தள்ளிப் பார்த்து. “ ‘அதிகாரி தன் தவறை உணர்ந்தார்.’ விழுந்ததுக்கு அப்புறம். உள்ள இருந்து.”

நந்தகோபனுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத் தாள்களில் எவனும் விழுவதற்கு முன் தவறை உணர்ந்ததில்லை. “அப்புறம்? மேல தூக்கறாங்களா?”

ரெஹானா இன்னும் தள்ளிப் பார்த்தாள். “அதோட முடியுது சார்.”

அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான். ஹின்ட்ஸ் கேள்வியைக் கடைசியில்தான் எழுதுவார்கள். மணி அடித்துவிடும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு விழுந்தவனை மேலே தூக்க நேரம் இருக்காது. அதற்காக அவர் ஒருமுறைகூட மார்க் குறைத்ததில்லை.

“என் கதை ஏற்கெனவே மூடினது. நான் மகிழ்ச்சியா ஓய்வு பெறணும்.”

“ஒரே ஆள் ரெண்டு கதையில வந்தா பிந்தி வந்ததுதான் செல்லும். நீங்க போட்ட சர்க்குலர் சார்.”

தாரணி பெருவிரலைத் தூக்கியபடி நின்றாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. “சார், நான் எதையும் சேத்தி எழுதலீங்க. நடந்ததத்தான எழுதினேன். கெணறு நான் எழுதலீங்க.”

“தெரியும்மா.”

“வெள்ளிக்கெழம வுட்டா அடுத்த தேதி ரெண்டு மாசமாவுமாம். அவருக்கு அத்தன நாளு இல்லீங்க.”

“தெரியும்மா.”

அவள் விரலை வைத்தாள். அறை எண் மூன்று உறுதியாயிற்று. அதே நொடியில் நந்தகோபன் மேசையில் தொலைபேசி அடித்தது. செட்டிங் பிரிவு. ரொம்ப மரியாதையான குரல்.

“வணக்கம் சார். ஒரு சின்ன டவுட்டுங்க. கெணறு வட்டமா, சதுரமான்னு கதையில இல்ல. உங்களுக்கு எது வசதி?”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். மூன்று மணிக்கெல்லாம் அலுவலக வாசலில், அவர் தினமும் வண்டி நிறுத்தும் வேப்பமரத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவில், சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். மேஸ்திரி வட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘பணி நடைபெறுகிறது’ என்று பலகை வைத்தார். படிக்கட்டுப் பக்கம் மட்டும் கயிறு இல்லை.

“அந்தப் பக்கமும் கட்டுங்க,” என்று நந்தகோபன் ஜன்னலில் இருந்து சொன்னார்.

“அது உங்களுக்கு வழிங்க சார்,” என்றார் மேஸ்திரி.

வியாழக்கிழமை காலை தாரணி ஒரு கையெழுத்துக்காக மறுபடி வந்தாள். நந்தகோபன் அவர் நாற்காலியில் இல்லை. கோப்பில் பெயர் வந்த அலுவலர் அந்தக் கோப்பு நடக்கும் வரை மேசையில் உட்காரக் கூடாது. அதுவும் அவர் போட்ட சர்க்குலர்தான். நாற்காலியில் ரெஹானா இருந்தாள். பின்பக்கத்து ஜன்னல் வழியாக ஏணி வைத்து உள்ளே வந்திருந்த நந்தகோபன், பெஞ்சின் ஓரத்தில், கருங்கல் வாக்கியத்துக்கு நேர் கீழே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாரணி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே தோண்டும் சத்தம் கேட்டது. அவள் தலையைச் சாய்த்து, சமையலறையில் விசில் எண்ணுவது போல அதைக் கேட்டாள்.

“இந்தப் பக்கம் பதினெட்டு அடியில பாறைங்க சார்,” என்றாள். “அவரு சொல்லுவாரு. மண்ணு சும்மா வந்துரும், அப்புறம் டங்குனு நிக்கும். ஒடைச்சு எடுக்க நாலு நாளாவது ஆவும்.”

நந்தகோபன் விரல்விட்டு நாளை எண்ணினார்.

“ஏனுங்க, என்ற கோப்புலதான் கை வெச்சாச்சு. ஆனா அதுல வர்ற உங்க முடிவுக்கு நீங்க அடிஷனல் சீட்டு வாங்கலாமாமுங்க. சேருல உக்காந்திருக்கற அந்தப் புள்ள சொல்லுச்சு. எழுதற வரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டாங்களாமே?” பையைத் திறந்து, திங்கட்கிழமை ரெஹானா கொடுத்த பேனாவை எடுத்து அவருக்கும் தனக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தாள். “நெதானமா எழுதுங்க. என்னையப் பத்தி வந்துச்சுன்னா உள்ளதையே எழுதுங்க.”

அவள் போகும்போது கிணற்றின் ஓரமாக, வழி தெரிந்தவள் போல ஒதுங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை கௌசிக்குக்கு வால்வு மாற்றப்பட்டது. கண் விழித்ததும் தண்ணீர் கேட்டானாம். அது எந்தக் குறிப்பிலும் வரவில்லை.

நந்தகோபன் எழுதினார்.

முதல் தாளில் எட்டே குறிப்புகள் எழுதிப் பார்த்தார். தமக்குச் சாதகமான எட்டு. நல்லவர் ஒருவர், கோடு, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டார், கோடு. படித்துப் பார்த்தபோது கடைசியில் கிணறு தானாகவே தெரிந்தது. இதை விரிப்பானிடம் கொடுத்தால் என்ன எழுதும் என்று உலகத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் மறுபடி தொடங்கினார். திங்கட்கிழமை காலை, அவர் எழுந்ததிலிருந்து.

சனிக்கிழமை பாறை வந்தது. டங்கென்று சத்தம் மாறியபோது கூடத்தில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நிமிரவில்லை. அந்தக் கூடத்தில் இப்போது யாரும் சிரிப்பதில்லை. மனு கொடுக்க வந்த ஒரு குழந்தை எதையோ பார்த்துச் சிரிக்கப் போக, அதன் அம்மா சட்டென்று வாயைப் பொத்தி வெளியே தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் முப்பத்தொன்றாவது தாளில் இருந்தார். கதையில் இன்னும் திங்கட்கிழமை காலை ஏழே முக்கால்தான். சட்டையின் மூன்றாவது பித்தானை மாட்டிக்கொண்டிருந்தார். அதன் நூல் தளர்ந்திருந்தது. அதைத் தைத்தது அவர் மனைவி. தைக்கும்போது அவள் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள், கத்திரி பக்கத்திலேயே இருந்தாலும். அதை எழுதினார். ஏன் கத்திரியை எடுப்பதில்லை என்று முப்பது வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை என்பதையும் எழுதினார். அப்புறம் என்று எழுதினார். அப்புறம் அவள் ரசம் வைத்தாள்.

மூன்றரை மணிக்கு வெளியே சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி உள்ளே வந்தார். கை கால் கழுவியிருந்தார். ரெஹானாவிடம், “முடிஞ்சுதுங்க மேடம்,” என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் நந்தகோபனுக்கு அடுத்து, தொந்தரவில்லாத தூரத்தில் உட்கார்ந்தார். அவசரமில்லை என்பது போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

நந்தகோபன் தாளின் கடைசிக் கோட்டுக்கு வந்திருந்தார். பேனாவை மூடவில்லை. தலையைத் தூக்காமல், இடது கையை மட்டும் தூக்கினார். தோளோடு ஒட்டி, நேராக.

“அடிஷனல் சீட்,” என்றார், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.

ரெஹானா எழுந்து ஒரு தாளும், கொஞ்சம் நூலும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.